"அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்": மன அழுத்தமா, பொறுமை தீர்ந்ததா, வேறு ஏதாவதா?

கயல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரே வரியில் மூன்று நாட்களாக நின்றுகொண்டிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

நான் மொழிபெயர்ப்பது ஒரு தன்வரலாற்றுக் கட்டுரை. நினைவு தப்பிப்போன தாயை ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகள் எழுதியது. ஒரு மாலையில் அம்மா "மணி என்ன?" என்று கேட்கிறார். மகள் சொல்கிறாள். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மீண்டும் அதே கேள்வி. மீண்டும் சொல்கிறாள். எத்தனையாவது முறை என்ற கணக்கு தப்பிய பிறகு, குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அதே கேள்வி வருகிறது. அந்த இடத்தில்தான் இந்த வரி: "ஐ வாஸ் அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்."

நான் முதலில் "மிகுந்த மன அழுத்தத்தில் இருந்தேன்" என்று எழுதினேன். மெய்ப்புப் பார்ப்பவர் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "இது அது அல்ல" என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது. ஆனால் எது சரி என்று தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில பக்கங்கள் தள்ளி, அமெரிக்காவில் இருக்கும் தங்கை தொலைபேசியில் "ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்" என்கிறாள். அதைச் சொல்லுக்குச் சொல் "கயிற்றின் முனையில் நிற்கிறேன்" என்று எழுதி ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். "ஐயோ, தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறாளா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

இந்தத் தொடரின் சரியான பொருள் என்ன, எப்போது சொல்வார்கள், தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நெடுவழி

கயல், இவ்வளவு குழம்ப வேண்டியதில்லை. நான் பார்த்த அகராதிகள் எல்லாம் பொறுமையின் எல்லை என்றுதான் சொல்கின்றன. "பொறுமையின் எல்லைக்கே வந்துவிட்டேன்" என்று போடுங்கள். படிப்பவருக்குப் புரியும்.

வகுப்பறை

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்கள் அதிகம் தடுமாறும் தொடர்களில் இதுவும் ஒன்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"டெதர்" என்பது மேயும் மாட்டையோ குதிரையையோ ஓரிடத்தில் கட்டிவைக்கும் கயிறு அல்லது சங்கிலி. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். கைப்பேசியின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிர்வதை "டெதரிங்" என்கிறோமே, அந்தச் சொல்லும் இதுதான். ஒன்றை இன்னொன்றோடு பிணைத்துவைப்பது. பிரிட்டிஷ் ஆங்கிலம் "டெதர்" என்று சொல்லும் இடத்தில் அமெரிக்கர்கள் பெரும்பாலும் "ரோப்" என்பார்கள். அக்கா ஒன்றும் தங்கை ஒன்றும் சொல்வது அதனால்தான். பொருளில் வேறுபாடு இல்லை.

இதன் பொருளில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் இருந்தால்தான் தொடர் பொருந்தும். சுமை நீண்ட காலமாக இருந்திருக்க வேண்டும். சொல்பவர் தம்மால் இயன்றதையெல்லாம் செய்து பார்த்திருக்க வேண்டும். இப்போது அவரிடம் மிச்சம் எதுவும் இருக்கக்கூடாது. பொறுமையோ, தெம்போ, யோசனையோ, எதுவாக இருந்தாலும். இன்று காலை பஸ் கால் மணி நேரம் தாமதம் என்பதற்கு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டில் மூன்று மாதமாகத் துளையிடும் சத்தம், பேசிப் பார்த்தாயிற்று, எழுதிக் கொடுத்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை என்றால் சொல்வார்கள்.

வாக்கியத்தில் அமையும் முறை: "அட்" போட்டால் அந்த நிலையில் இருக்கிறேன் என்று பொருள். "ரீச்" அல்லது "கம் டு" போட்டால் அந்த நிலைக்கு வந்து சேர்ந்தேன் என்று பொருள். "மை" என்பது ஆளுக்கேற்ப "ஹெர்", "தெய்ர்" என்று மாறும். மாணவர்கள் இந்த உடைமைச் சொல்லை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, ஒவ்வொருவர் கயிற்றுக்கும் ஒரு நீளம் உண்டு. யாரால், எதனால் என்று சொல்ல "வித்" சேர்ப்பார்கள். முழுவதும் முடியவில்லை, நெருங்கிவிட்டேன் என்றால் முன்னால் "நியர்லி".

அடுத்து, இதன் அண்டை வீட்டார். "ஸ்ட்ரெஸ்ட் அவுட்" என்பது இப்போதைய நெருக்கடி. தேர்வு வாரத்தில் மாணவன் சொல்வது. தேர்வு முடிந்தால் அதுவும் முடியும். "பர்ன்ட் அவுட்" என்பது எரிந்து தணிந்துபோனது. அங்கே ஆத்திரம்கூட மிச்சம் இருக்காது. "லாஸ்ட் ஸ்ட்ரா", ஒட்டகத்தின் முதுகை முறிக்கும் கடைசித் துரும்பு, என்பது ஒரு நிகழ்ச்சி. டெதரின் முனை என்பது ஓர் இடம், அந்த நிகழ்ச்சி வந்து விழும்போது ஆள் நின்றுகொண்டிருக்கும் இடம்.

எனவே கயல், "மன அழுத்தத்தில் இருந்தேன்" என்பதை உங்கள் மெய்ப்பாளர் அடித்தது சரி. மன அழுத்தத்தில் இருப்பவர் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறார். வாளியின்மேல் உட்கார்ந்திருப்பவரால் தாங்க முடியவில்லை.

மேய்ச்சல்நிலம்

வகுப்பறை ஐயா கயிற்றைச் சொன்னார். அந்தக் கயிற்றைப் பிடித்து வளர்ந்தவன் என்ற முறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் அதைத் தும்பு என்போம். "தும்பை விட்டு வாலைப் பிடித்தாற்போல" என்கிற பழமொழியில் வருவது இதுதான். முளைக்குச்சியை அடித்து, தும்பின் ஒரு முனையை அதில் முடிந்து, மாட்டை மேயவிடுவோம். காலையில் மாடு முளைக்குப் பக்கத்தில் நிதானமாக மேயும். கயிறு தரையில் தளர்ந்து கிடக்கும். உச்சி வெயிலுக்குள் அடிப்பக்கத்துப் புல் தீர்ந்து, மிதிபட்டு, மண் தெரியும். மாடு கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குப் போகும். சாயங்காலம் பார்த்தால் கயிறு நேர்க்கோடாக விறைத்து நிற்கும். மாடு கழுத்தை நீட்டி, நாக்கைச் சுழற்றி, ஒரு விரற்கடை தள்ளி இருக்கும் பச்சைக்காக முட்டி போட்டு நிற்கும். அந்தப் பக்கம் புல் நிறைய இருக்கும். எட்டாது. அவ்வளவு நேரமும் அது சும்மா இருக்கவில்லை. எட்டியமட்டும் மேய்ந்து தீர்த்த பிறகுதான் அந்த முனைக்கு வந்து நிற்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. மாடு ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தால் தும்பு முளையில் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு குறையும். சில நேரம் போய்ப் பார்த்தால் மாடு முளையோடு மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். கயிறு நீளமானதுதான், ஆனால் மாட்டுக்கு இல்லை. நாம் போய் எதிர்த் திசையில் நடத்திச் சுற்றைப் பிரித்துவிட வேண்டும். தானாகப் பிரித்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

ஒரே கேள்வியை மாலை முழுவதும் கேட்டுப் பதில் சொன்ன அந்த மகளைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தச் சுற்றிய கயிறுதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒன்று. கட்டிப்போடாத மாட்டுக்கு இந்த நிலை வராது. புல் தீர்ந்தால் அது நடந்து போய்விடும். எழுந்து போய்விடக் கூடியவர் இந்தத் தொடரைச் சொல்ல வேண்டியதே இல்லை. அம்மாவை விட்டுப் போக முடியாத மகள்தான் சொல்கிறாள். "பொறுமையின் எல்லை" என்று எழுதினால் கயிறு வந்துவிடுகிறது, முளை காணாமல் போகிறது.

விசையியல்

மேய்ச்சல்நிலம் எழுதியதைப் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 மீட்டர் கயிறு என்றால் மாட்டுக்குக் கிடைக்கும் வட்டம் ஏறக்குறைய 78 சதுர மீட்டர். முளையில் சுற்றிப் பாதியாகக் குறைந்தால் வட்டம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். 20 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கயிறு கொஞ்சம் குறைந்தாலே உலகம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

நான் இயற்பியல் படித்தவன் என்பதால் "ஸ்ட்ரெஸ்" பற்றியும் ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கு இறுகக் கட்டுதல், இழுத்து இறுக்குதல் என்று பொருள். ஆக அங்கும் ஒரு கயிறு இருக்கிறது. நம் பாடநூல்களில் ஸ்ட்ரெஸ் என்பது தகைவு, ஸ்ட்ரெயின் என்பது திரிபு. கம்பியை இழுக்கும்போது அதற்குள் எழும் எதிர்விசையை ஓரலகுப் பரப்புக்குக் கணக்கிட்டால் தகைவு. அதனால் கம்பியின் வடிவில் உண்டாகும் மாற்றம் திரிபு. மீட்சி எல்லைக்குள் இழுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் விசையை எடுத்துவிட்டாலும் திரும்பாது. ஸ்ட்ரெஸ்ட் அவுட் என்பதற்கும் டெதரின் முனை என்பதற்கும் இடையில் அப்படி ஓர் எல்லை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

புதுமுகம்

இந்தக் களத்துக்குப் புதியவள். இடையில் ஒரு சந்தேகம், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் இந்தத் தொடரைப் போடலாமா? எட்டு மாதமாக இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன். "ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்" என்று எழுதினால் எல்லாரும் சொல்வதுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

வகுப்பறை

நல்ல கேள்வி, தாயே. போடலாம். இது கொச்சையும் அல்ல, வசையும் அல்ல. ஆனால் வலிமையான சொல். ஒருமுறைதான் வேலை செய்யும். அடுத்த மாதமும் அதையே எழுதினால் அதுவும் "ஸ்ட்ரெஸ்ட்" போலாகிவிடும். தொடரைத் தனியாக விடாமல், முன்னால் என்னென்ன முயன்றீர்கள் என்று எழுதுங்கள்: எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எந்த வேலை நின்றுபோனது. அந்தப் பட்டியலுக்குப் பிறகு வரும்போது "எண்ட் ஆஃப் மை டெதர்" புலம்பலாக இருக்காது. கணக்கின் கடைசி வரியாக இருக்கும்.

"ஐ ஹேவ் டென்ஷன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழில் டென்ஷன் என்றால் பதற்றம், கவலை, கோபம் எல்லாமே அடங்கும். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் படிப்பவர் தசை இறுக்கமா, இருவருக்கிடையே உரசலா என்று யோசிப்பார்.

ஆறுதல்

நான் உளவியல் ஆலோசனை வழங்குபவள். இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது, "மன அழுத்தம்" என்ற சொல். தமிழில் இதை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சொல்கிறோம், டிப்ரெஷனுக்கும் சொல்கிறோம். இரண்டும் வேறு. என்னிடம் வருபவர்களில் பலர் "எனக்கு மன அழுத்தம்" என்று தொடங்குகிறார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன அழுத்தத்தையோ மன இறுக்கத்தையோ விட்டுவிட்டால் எவ்வளவோ தெளிவு பிறக்கும். அந்த மகளின் வரியில் "மன அழுத்தம்" என்று எழுதினால் பாதிப் பேர் அவளுக்கு நோய் என்று படிப்பார்கள். அவள் சொல்வது நோயை அல்ல, தன் நிலையை.

ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-இல் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். எலிகளை எந்த வகையில் துன்புறுத்தினாலும், குளிரோ காயமோ நஞ்சோ, அவற்றின் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்பது அவர் கண்டது. அதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் அபாய மணி, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல். இரண்டாவது கட்டம்தான் ஆளை ஏமாற்றும். வெளியே எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். உள்ளே கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும். பராமரிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் கட்டத்தில் இருப்பார்கள். "நீ எவ்வளவு நன்றாகச் சமாளிக்கிறாய்" என்று உறவினர்கள் பாராட்டுவதும் அப்போதுதான். டெதரின் முனை என்பது மூன்றாவது கட்டத்தின் வாசல்.

சிலர் இதற்கு "பர்ன் அவுட்" போதும் என்பார்கள். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உளவியலில் பரவிய சொல் அது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் அதற்கு இடம் உண்டு. ஆனால் நோயாக அல்ல, வேலைச்சூழல் சார்ந்த நிகழ்வாக. வேறு துறைகளின் அனுபவத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். ஆறு ஆண்டுகள் தாயைப் பார்த்த மகளுக்கு அந்த வரையறையில் இடமில்லை. டெதருக்கு அப்படி வேலி கிடையாது. அவளும் சொல்லலாம், புதுமுகமும் சொல்லலாம்.

இரண்டாவது, கயிறு. கயல், உங்கள் தோழியின் பயம் இயல்பானது. தமிழில் "கயிறு" என்று தனியாகச் சொன்னால் மனம் அங்கேதான் போகிறது. ஆங்கிலத்தில் "எண்ட் ஆஃப் மை ரோப்" என்பதற்கு அந்தப் பொருள் இல்லை. எனவே மொழிபெயர்ப்பில் கயிறு வேண்டவே வேண்டாம். ஆனால் நிஜ வாழ்க்கையில் ஒருவர் உங்களிடம் இதைச் சொன்னால், இது வெறும் மரபுத்தொடர் என்று கடந்து போய்விடாதீர்கள். அப்படிச் சொல்பவர் உண்மையிலேயே உடைந்துபோயிருக்கலாம். "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும் கேட்கப்பட்டவரின் முகத்தில் ஒரு விடுதலை தெரியும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏடு

நல்ல இழை. "விட்ஸ் எண்ட்" என்ற தொடர் யாரும் தொடாமல் இருக்கிறது. அதுவும் முனைதான், ஆனால் அறிவின் முனை. என்ன செய்வது என்றே தெரியாத நிலை. விவிலியத்தின் 107-ஆம் சங்கீதத்தில், புயலில் சிக்கிய கப்பலோட்டிகளைப் பற்றிய இடத்தில், 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தத் தொடர் வருகிறது. எபிரேய மூலத்தில் அவர்களுடைய ஞானமெல்லாம் விழுங்கப்பட்டது என்று இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் "அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது" என்று எழுதினார்கள். கடலில் தத்தளிப்பவர்களுக்கு ஞானம் முழுகிப்போனது என்பது எவ்வளவு பொருத்தம்! ஆங்கிலத்தின் "எண்ட்" என்ற சொல்லையே காணோம். வரி உயிரோடு இருக்கிறது. கயலுக்கு இது உதவக்கூடும்.

வகுப்பறை சொன்ன கடைசித் துரும்புக்கு நம்மிடம் குறளே இருக்கிறது. வலியறிதல் அதிகாரம், 475:

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்."

மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். ஆங்கிலப் பழமொழிக்கு 17-ஆம் நூற்றாண்டில் ஒட்டகமும் துரும்பும் இல்லாத ஒரு வடிவம் இருந்தது. அதில் கடைசி இறகு குதிரையின் முதுகை முறிக்கும். அங்கும் இறகு, இங்கும் இறகு. வள்ளுவர் "கடைசி இறகு" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றத்தை ஓர் இறகின்மேல் போடாமல், "சால மிகுத்து" என்று மொத்தச் சுமையின்மேல் போடுகிறார். அந்தத் தாய் கடைசியாகக் கேட்ட "மணி என்ன?" மட்டுமா மகளைக் குளியலறைக்குள் அனுப்பியது? ஆறு ஆண்டு இறகுகள்.

நெடுவழி

எல்லாம் படித்தேன். மேய்ச்சல்நிலம் எழுதியது என்னை அசைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் இந்தத் தொடரைச் சொல்பவர் மாட்டையும் முளையையும் நினைத்துக்கொண்டா சொல்கிறார்? அவருக்கு அது வெறும் வழக்கு. நாம் மட்டும் புல்லையும் முளையையும் ஏன் கொண்டுவர வேண்டும்? "பொறுமையின் எல்லை" தமிழில் அதே போன்ற தேய்ந்த வழக்கு. தேய்ந்ததற்குத் தேய்ந்ததைப் போடுவதுதானே நேர்மை?

கயல்

நெடுவழி, உங்கள் கேள்வி என்னைக் காப்பாற்றியது. நேற்றிரவு "எட்டியமட்டும் மேய்ந்து தீர்த்த மாடுபோல் முனையில் நின்றேன்" என்று எழுதி வைத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காலையில் உரக்கப் படித்துப் பார்த்தேன். வாளியின்மேல் உட்கார்ந்திருக்கும் பெண் அப்படிப் பேச மாட்டாள். அந்த நேரத்தில் யாருக்கும் உவமை வராது.

ஆனால் "பொறுமை" என்னை இன்னும் உறுத்துகிறது. பொறுமையின் எல்லை என்றால் அடுத்து கோபம் வரும் என்று தமிழ் மனம் எதிர்பார்க்கிறது. "என் பொறுமைக்கும் எல்லை உண்டு" என்பது நம் மொழியில் ஒரு மிரட்டல். இவள் யாரையும் மிரட்டவில்லை. அம்மாமேல் கோபம்கூட இல்லை.

வகுப்பறை

நீங்கள் சொல்வது மிகச் சரி. ஆங்கிலத் தொடர் கோபத்துக்கும் போகும், அழுகைக்கும் போகும், இரண்டும் இல்லாத வெறுமைக்கும் போகும். தமிழில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாய்மொழி உண்டு. கோபப் பக்கம் என்றால் பொறுமையின் எல்லை சரியே. நெடுவழி சொன்னது அங்கே பிழையில்லை. அலுப்பு என்றால் "போதும் போதும் என்றாகிவிட்டது". அலைச்சலும் அல்லலும் என்றால் "ஒரு வழியாகிவிட்டேன்". தெம்பு தீர்ந்தது என்றால் "இதற்குமேல் என்னால் ஆகாது". "தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது" என்பதை மட்டும் தொடாதீர்கள். சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று அது அலட்சியத்துக்குப் போய்விடும். டெதரின் முனையில் நிற்பவருக்கு அலட்சியம் வருவதில்லை.

வரும் இடமெல்லாம் ஒரே தமிழைப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யார், யாரிடம், என்ன குரலில் சொல்கிறார் என்று பாருங்கள்.

புதுமுகம்

மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். தேதிகளோடு. நாளை பேச அழைத்திருக்கிறார்கள். ஐயாவுக்கு நன்றி.

கயல்

புதுமுகம், நாளை என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

என் வேலை முடிந்தது. கட்டுரையில் இந்தத் தொடர் மூன்று இடங்களில் வருகிறது. மூன்றையும் வேறு வேறாகச் செய்திருக்கிறேன்.

தங்கை தொலைபேசியில் சொல்வது: "நான் ஒரு வழியாகிவிட்டேன், அக்கா." கயிறு போய்விட்டது. அதே தோழியிடம் மீண்டும் படிக்கக் கொடுத்தேன். "பாவம், அவளுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி போதும் எனக்கு.

இரண்டாவது, மாற்றுப் பராமரிப்பாளர் வேண்டும் என்று கேட்டு மகள் எழுதும் விண்ணப்பம்: "எங்களால் இயன்றதையெல்லாம் செய்து தீர்த்துவிட்டோம். இனித் தாங்கும் நிலையில் இல்லை." மேய்ந்து தீர்த்த மாடு இதில் மறைவாக இருக்கிறது, மேய்ச்சல்நிலம், அந்தத் "தீர்த்து" உங்களுடையது.

மூன்றாவது, வாளி. "அவ்வளவுதான். இதற்குமேல் என்னால் ஆகாது."

நெடுவழி

முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில் "ஆகாது" எதற்கு? இன்று யாரும் அப்படிப் பேசுவது குறைவு. "என்னால் முடியாது" என்றால் இன்னும் இயல்பாக இருக்காதா?

கயல்

அதையும் எழுதிப் பார்த்தேன், நெடுவழி. "முடியாது" என்பதில் இயலாமை இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. மாட்டேன் என்றும் அதைப் படிக்க இடமுண்டு. "ஆகாது" என்பதில் மறுப்பு இல்லை, தெம்பு தீர்ந்தது மட்டும்தான் இருக்கிறது. அவள் எதையும் மறுக்கவில்லை. கட்டுரையில் அதற்கு அடுத்த வரியை நான் இங்கே சொல்லாமல் விட்டுவிட்டேன்: குழாயை மூடுகிறாள், தாழை எடுக்கிறாள், வெளியே வந்து அம்மாவிடம் மணி ஏழேகால் என்று சொல்கிறாள்.